நான்கு வேளை சாப்பிடும் பூனை

சீட்டுக்காரர் அந்தப் பொத்தானைத் தட்டியதற்கு ஒரே காரணம்தான். திரையில் இருந்ததை அண்ணன் படித்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் அந்த நொடியே மறைய வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பக்கம் மறைந்தது. மறைந்தது என்றால் தொலைந்து போய்விடவில்லை, நேரே தையல்காரம்மாவின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு விசாரணை அறையில் மூன்று பேர் முன்னால் அதை உரக்க வாசிப்பார்கள் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால், பொத்தானை விட்டுவிட்டு வீட்டு மின்சாரத்தையே அணைத்திருப்பார்.

வீடும் மருத்துவமனையும் ஒரே கட்டடம். முன்பக்கம் காத்திருக்கும் அறை, அடுத்தது சிகிச்சை அறை, அந்தச் சுவருக்கு மறுபுறம் சமையலறை. இந்தப் பக்கம் ஒரு நாய் பலமாகக் குரைத்தால் அந்தப் பக்கம் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். மனைவி கால்நடை மருத்துவர், அந்த வட்டாரம் முழுக்க டாக்டரம்மா. இவர் வாசல் மேசையில் உட்கார்ந்து எண் போட்ட சீட்டுக் கொடுப்பவர், ஆகவே சீட்டுக்காரர். சீட்டுப் போக, நாயின் வாயைக் கட்டுவது, மேசையைத் துடைப்பது, மாத்திரை உறையில் 'காலை, மாலை' என்று எழுதுவது, பூனையைத் துண்டில் சுருட்டிப் பிடிப்பது எல்லாம் அவர்தான். பூனை பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலை மட்டும் வெளியே தெரிய, மீதியைப் பொட்டலமாகக் கட்டிவிடுவார். மனிதர்களிடம் அந்தத் திறமை செல்லவில்லை, அதிலும் ஒரே வீட்டில் இருக்கும் மனிதர்களிடம்.

போன வருடம் ஒரு புது விதி வந்தது. எந்தப் பிராணியைப் பார்த்தாலும் என்ன நோய், என்ன மருந்து, என்ன அறிவுரை என்று அன்றைக்கே எழுதி உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். டாக்டரம்மாவின் கையெழுத்தை அவரே மறுநாள் படிக்கத் திணறுவார். ஆகவே ஒரு இயந்திரம் வாங்கினார்கள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஒலிவாங்கி சிகிச்சை அறைச் சுவரில் உட்கார்ந்திருக்கும். அறையில் பேசுவதை எல்லாம் கேட்டு, செயற்கை நுண்ணறிவால் பிரித்துப் பார்த்து, அழகான தமிழில் நோய்க்குறிப்பு எழுதித் தரும். அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'திருத்து', மற்றது 'படித்தேன், சரி'. இரண்டாவதைத் தட்டினால் டாக்டரம்மாவின் பதிவு எண்ணும் கையெழுத்தும் தானாக விழுந்து குறிப்பு உரிமையாளருக்குப் போய்விடும். மருத்துவர் தன் கண்ணால் படித்த பிறகு, தன் கையால் தட்ட வேண்டும் என்பது விதி. டாக்டரம்மா அதற்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"முப்பத்திநாலு வருஷம் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவன்மா நான். ஜட்ஜு தும்மினாக்கூட அதை எழுதணுமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதினவன். இந்தச் சோப்பு டப்பாவும் நானும் ஒண்ணா?"

"பெயர்தானே மாமா" என்றார் டாக்டரம்மா.

"பெயர்ல என்னம்மா 'தானே'?"

அண்ணன் என்பவர் சீட்டுக்காரரின் மூத்தவர். கண் அறுவைச் சிகிச்சைக்காகப் பத்து நாள் தங்குகிறேன் என்று வந்தார். கண் தெளிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. அண்ணி காலமான பிறகு அவருடைய வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அதனால் 'எப்போது கிளம்புகிறீர்கள்' என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. புதுக் கண் கிடைத்த உற்சாகத்தில் அவர் எதைக் கண்டாலும் படித்தார். மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைப் படித்தார். பிஸ்கட் உறையின் பின்பக்கத்தைப் படித்தார். கூடத்தின் இந்த மூலையில் சாய்ந்தபடி அந்த மூலையில் கிடக்கும் பத்திரிகையைப் படித்து, அதிலிருந்த பிழையையும் சொன்னார். சமையலில் உப்பு, துவைத்த துணியில் கறை, காத்திருக்கும் அறையில் தொங்கிய நாய்ப் படத்தின் கோணல், எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பவில்லை.

அது அடைமழைக் காலம். காத்திருக்கும் அறை முழுக்க ஈர நாய் வாடை. ஒரு நாள் பதினேழாம் எண் சீட்டுடன் தையல்காரம்மா வந்தார், கூடையில் பதினொரு வயது ஆண் பூனை. வெட்டுத் துணிக் குவியலில்தான் படுத்துக் கிடக்கும் என்பதால் அதற்கு நூல்கண்டு என்று பெயர். நான்கு நாளாகக் காதைப் பிறாண்டுகிறதாம். சீட்டுக்காரர் துண்டில் சுருட்டினார். டாக்டரம்மா விளக்கைக் காதுக்குள் அடித்துப் பார்த்தார்.

"பூச்சிதான். கறுப்பா அழுக்கு சேர்ந்திருக்கு பாருங்க. சொட்டு மருந்து தரேன், காலையில மூணு, சாயந்திரம் மூணு."

"பயப்பட ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா? இவனை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"ஒண்ணுமில்ல. இது இன்னும் நாலு வருஷம் உங்க துணியில முடி உதிர்க்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, பூனை துண்டுக்குள்ளிருந்தே தையல்காரம்மாவின் சேலையை நனைத்துவிட்டது. அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிக் குழாய்க்குப் போனார். அறையில் புருஷன், பெண்டாட்டி, பூனை. சுவரில் குமாஸ்தா.

இப்படித் தனியாகக் கிடைக்கும் இரண்டு நிமிடம் அந்த வீட்டில் அபூர்வம். டாக்டரம்மா காதைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னைக்கும் குளியலறையில முக்கால் மணி நேரம். நான் மூஞ்சி கழுவாம வந்து நிக்கறேன், தெரியுமா?"

"மெதுவாப் பேசு. கேட்டுடப் போகுது."

"கேக்கட்டும். காது மட்டும் நல்லாத்தான் கேக்குது. நாலு வேளை சாப்பாடு. சாப்பிட்டதும் கூடத்துலயே படுக்கை. குறட்டை அடுத்த அறை வரைக்கும் வருது. எழுந்தா எல்லாத்துலயும் ஒரு குறை."

"பாவம்டி."

"நானும் பாவம்தான். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். தானாப் போகலைன்னா, நானே ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிடுவேன், ஆமா."

சீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கும் வந்தது. சொல்லிவிட்டதாலேயே பாதிக் கோபம் இறங்கியிருந்தது. தையல்காரம்மா திரும்பி வந்தார், சொட்டு மருந்தை வாங்கினார், பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் நோய்க்குறிப்பு சரிபார்க்கும் முறை விதிப் புத்தகத்தில் இல்லாத முறை. சாயந்திரம் ஆறரைக்குக் கதவு சாத்தியதும் டாக்டரம்மா சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்குவார். சீட்டுக்காரர் மடிக்கணினியைச் சமையல் மேடை ஓரத்தில் வைத்துக்கொண்டு, காலையில் எண் கூப்பிட்ட அதே குரலில் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். டாக்டரம்மா "ம்" என்பார். இவர் பொத்தானைத் தட்டுவார். அந்த "ம்" இருபத்தாறு வருடமாகப் புழக்கத்தில் இருப்பது. மழை வரும் போலிருக்கிறது என்றாலும் "ம்", அடுத்த வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது என்றாலும் "ம்". சில நாள் அதற்குள் ஆள் இருப்பார், சில நாள் இருக்க மாட்டார்.

அன்றைக்குப் பதினேழாவது குறிப்பு.

"பூனை, ஆண், பதினொரு வயது. இடது காதில் பூச்சித் தொற்று. சொட்டு மருந்து, நாளுக்கு இரண்டு முறை" என்று படித்தவர், அடுத்த பத்தியில் கண் வைத்ததும் நின்றார்.

'நடத்தை: ஒரு நாளில் நான்கு வேளை உணவு. உண்டதும் கூடத்திலேயே படுத்துவிடுகிறது. குறட்டை பக்கத்து அறை வரை கேட்கிறது. குளியலறையை முக்கால் மணி நேரம் அடைத்துக்கொள்கிறது. எல்லாவற்றிலும் குறை காண்கிறது. செவித்திறன் மிக நன்று. பரிந்துரை: ஒரு வாரம் பார்க்கலாம். தானாகப் போகாவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம்.'

மீதியை அவர் வாய்க்குள் படித்தார். 'திருத்து' பொத்தானுக்கு விரல் போய்க்கொண்டிருந்த அதே நேரம், "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று அண்ணன் சமையலறைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் குடத்தைப் பார்க்கவில்லை. எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கேதானே அந்தக் கண் போகும், தம்பியின் தோளுக்கு மேல் குனிந்தார்.

"என்னடா அது, குளியலறைன்னு என்னமோ..."

சீட்டுக்காரர் தட்டிவிட்டார். பக்கம் மறைந்தது.

"ம்" என்றார் டாக்டரம்மா, கண்ணைக் கசக்கிக்கொண்டே. வெங்காயம் காரமாக இருந்தது.

விடிந்ததும் முதல் வேலையாகத் தையல்காரம்மாவுக்குப் போன் செய்து விளக்கிவிடலாம் என்று சீட்டுக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார். விடிந்ததும் செய்தார். அவர் எடுக்கவில்லை. அன்றைக்கு முப்பத்தைந்து சீட்டு, நடுவில் காலொடிந்த ஆடு ஒன்று. மறுநாள் செய்யலாம் என்று நினைத்தார். மறுநாள் ஆனபோது, அந்த அம்மா படித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. யார்தான் இதையெல்லாம் படிக்கிறார்கள் என்று அதற்கும் அடுத்த நாள் தோன்றியது.

தையல்காரம்மா படித்திருந்தார். ஒரு முறை அல்ல, பத்து முறை. இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பூனை உண்மையாகவே நான்கு வேளை சாப்பிடும். கூடத்தில்தான் படுக்கும். குறட்டையும் விடும். வெயில் நாளில் குளியலறைத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கே போய் நீட்டிக்கொள்ளும். ஒரு தடவை பார்த்ததிலேயே டாக்டரம்மா இவ்வளவும் கண்டுபிடித்துவிட்டாரே, அப்படியென்றால் கடைசி வரியும் உண்மையாகத்தான் இருக்கும் என்று அந்த அம்மா நம்பிவிட்டார். இரண்டு நாள் தையல் இயந்திரத்தில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் பூனையைக் கூடையில் வைத்து, மழையில் இரண்டு பஸ் மாறி வேறொரு மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவர் அவர் சொன்னதைக் கேட்டு, காதையும் பார்த்துவிட்டு, "இதைக் கொல்லச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார். தையல்காரம்மா கைப்பேசியைக் காட்டினார்.

கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. தையல்காரம்மா கொடுத்த புகாரின் நகல், நோய்க்குறிப்பின் நகல், விசாரணைத் தேதி. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் டாக்டரம்மாவின் பதிவை நிறுத்தி வைக்க நேரிடும் என்று கடைசி வரியில் இருந்தது. பதிவு போனால் சிகிச்சை கிடையாது. சிகிச்சை இல்லாவிட்டால் அந்த முன்பக்கத்து அறைகளுக்கு அர்த்தம் கிடையாது.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீட்டுக்காரர் நின்றுகொண்டே உட்கார்ந்தது போல ஆனார். அண்ணன் ஒருவர் மட்டும் பத்து வயது குறைந்தவராக எழுந்து வந்தார்.

"கொண்டா இங்கே. எத்தனை நாள் அவகாசம்? இருபத்தொண்ணா? தாராளம். தம்பி, வெள்ளைத்தாள் எடு. இயந்திரத்தோட ஒப்பந்தப் பத்திரம் எங்கே?"

ஒப்பந்தம் இருபத்தாறு பக்கம். வாங்கின அன்று சீட்டுக்காரர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அண்ணன் கூடத்தில் சாய்ந்து ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"பத்தொன்பதாம் பக்கத்துல கை கழுவிட்டான்மா. 'இயந்திரம் எழுதும் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல. சரிபார்ப்பது மருத்துவரின் கடமை.' ஆனா இருபத்தொண்ணுல மாட்டிக்கிட்டான். 'சில நேரங்களில் இயந்திரம் இல்லாததை இருப்பதாக எழுதக்கூடும்.' இதைப் பிடிச்சுக்குவோம். காது வரைக்கும் டாக்டரம்மா சொன்னது. மிச்சத்தை இயந்திரமே கற்பனை பண்ணிடுச்சு. முடிஞ்சது."

"அப்படிச் சொல்லலாமா மாமா?" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"ஏன் சொல்லக் கூடாது? வேற யாரைப் பத்தியும் அந்த அறையில பேசலையே?"

அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நகலைப் பார்த்தார்.

"சந்தேகத்துக்குக் கேக்கறேன். பூனை குறட்டை விடுமாம்மா?"

"வயசானா விடும், மாமா."

"ஓகோ. எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்குமா?"

"அது... சில பூனை."

"'மேற்படி விவரங்கள் எந்த மனிதரையும் குறிப்பன அல்ல'ன்னு ஒரு வரி சேர்க்கலாமாடா தம்பி? மனுவுக்குக் கொஞ்சம் கனம் வரும்."

"வேண்டாம் அண்ணே" என்ற சீட்டுக்காரரின் குரல் கீச்சென்று வந்தது.

அன்று மத்தியானம் டாக்டரம்மா கணவரை மருந்து வைக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பத்தியை அன்னைக்கு எனக்குப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சீங்களா?"

"வாய்க்குள்ள."

"வாய்க்குள்ள படிச்சா என் காதுல எப்படிங்க விழும்?"

"அண்ணன் தண்ணி குடிக்க வந்துட்டாரு. எட்டிப் பார்த்தாரு. மறைக்கணுமேன்னு தட்டிட்டேன்."

"மறைக்கறதுக்கு மூடியைச் சாத்தியிருக்கலாமே."

"இப்ப தோணுது."

டாக்டரம்மா நாய்த்தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று சீட்டுக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார். வசவு வரவில்லை.

"உங்களை மட்டும் சொல்லி என்ன. படிக்க வேண்டியது என் கண்ணு. என் கண்ணு வெங்காயத்துல இருந்துச்சு. இத்தனை மாசமா உங்க விரலை வச்சு என் கையெழுத்தைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு தப்பு இன்னைக்குத் தெரிஞ்சுது. தெரியாம எத்தனை போயிருக்கோ?"

"அப்ப உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொன்னா, மாமா முகத்துல எப்படி முழிக்கறது? ஊசி போடுவேன்னு சொன்னது அவரைத்தான்னு சபையில சொல்லணுமே. வேடிக்கையாத்தான் சொன்னேன். எழுத்துல படிச்சா வேடிக்கையா இல்லையே."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா மன்றத்துல பொய்க் கையெழுத்து. ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சு, இது ரெண்டாவது."

வெளியே இருபத்து மூன்றாம் எண் நாய் குரைத்தது. அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. முடிவு எதுவும் எடுக்காமலே இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். அண்ணனின் மனு நான்காவது திருத்தத்துக்குப் பிறகு தயாரானது. டாக்டரம்மா அதில் கையெழுத்துப் போடவில்லை, அங்கே போய்ப் போடுகிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

விசாரணை அறை பெரிய அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் பல வருடம் மாட்டு மருத்துவராக இருந்தவர். தொழுவத்தில் பேசிப் பழகிய குரல், சாதாரணமாகக் கேட்டாலே அதட்டுவது போலிருக்கும். அவருக்கு இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் இளைய குமாஸ்தா. இங்கே நிஜமான பேனா, நிஜமான மனுஷன் என்று அண்ணன் அவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எதிர் வரிசையில் தையல்காரம்மா. கூடையையும் கொண்டுவந்திருந்தார்.

தலைவர் நோய்க்குறிப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். 'குளியலறையை முக்கால் மணி நேரம் அடைத்துக்கொள்கிறது' என்ற இடத்தில் நிறுத்தி, கூடையைப் பார்த்தார். பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் தையல்காரம்மாவிடம்.

"நான் என்னங்க சொல்ல? ரெண்டு கேள்வி. அந்த அறையில நான் பேசினதை ஒரு பெட்டி கேட்டுக்கிட்டு இருந்ததுன்னு எனக்கு யாருமே சொல்லல. நான் தையக்காரி. எங்கிட்ட இந்த ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேர் அளவும் இருக்கு. யாருக்கு இடுப்பு எவ்வளவு பெருத்ததுன்னு நான் வாயைத் திறந்தா ஊரே நாறிடும். ஒரு நாள் திறந்ததில்ல. சொல்லாம கேக்கறது தப்பில்லையா?"

"ரெண்டாவது?"

"இயந்திரம் தப்பா எழுதிடுச்சுன்னு சொல்லப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்டயும் இயந்திரம் இருக்கு. கழுத்தைத் தப்பா வச்சுத் தச்சுட்டு, இயந்திரம் தச்சுடுச்சும்மான்னு சொன்னா எவ ரவிக்கையை வாங்கிட்டுப் போவா?" அத்தோடு அவருக்குக் குரல் உடைந்தது. "ரெண்டு நாள் இவனுக்கு மீன் வாங்கிப் போட்டேங்க. கடைசியாச் சாப்பிடட்டும்னு. அவனும் வஞ்சனை இல்லாம தின்னான்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். டாக்டரம்மா பையிலிருந்து மனுவை எடுத்தார். எடுத்த கை மேசை வரை போகவில்லை. அதைப் பார்த்த சீட்டுக்காரருக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, தன் எண் வந்துவிட்டது என்று தோன்றியது. எழுந்து நின்றார்.

"ஐயா, பொத்தானைத் தட்டினது நான்."

"நீங்க மருத்துவரா?"

"சீட்டுக் குடுக்கறவன்."

"மருத்துவர் தட்ட வேண்டியதை நீங்க எப்படித் தட்டினீங்க?"

"நான்தான் தட்டச் சொன்னேன்" என்று டாக்டரம்மாவும் எழுந்தார். மனுவை இரண்டாக மடித்துப் பைக்குள் திருப்பிப் போட்டார். "இத்தனை மாசமா எதையுமே நான் கண்ணால படிச்சதில்ல, ஐயா. அவர் படிப்பார், நான் 'ம்'னு சொல்லுவேன். இயந்திரம் எதையும் கற்பனை பண்ணல. அந்த வார்த்தை ஒவ்வொண்ணும் நான் சொன்னதுதான். பூனையைச் சொல்லல. அந்த அறையில பூனை ஒண்ணுதான் நோயாளி, அதனால அது அப்படி எழுதிடுச்சு. இந்த அம்மாவை அழ வச்சதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"பூனையைச் சொல்லலைன்னா?" என்று தலைவர் அதட்டினார். "ஊசி போட்டு அனுப்பறதுன்னு யாரைச் சொன்னீங்க?"

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது.

"வீட்டுக்கு வந்த... ஒரு விருந்தாளி, ஐயா" என்றார் சீட்டுக்காரர்.

"யாரு அந்த விருந்தாளி?"

சீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். பின் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"அந்த நபர் ஆஜர், ஐயா" என்றார் அண்ணன்.

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார்.

"முப்பத்திநாலு வருஷம் சாட்சிக் கூண்டுக்குக் கீழே உக்காந்து அடுத்தவங்க சொன்னதை எழுதினவன். முதல் தடவையா நான் சொல்றேன், எழுதிக்கணும். மேற்படி குறிப்புல சில பிழை இருக்கு. நாலு வேளைன்னு போட்டிருக்கு. மூணு வேளைதான். சாயந்திரம் டீயும் ரொட்டியும் ஒரு வேளை ஆகாது."

"முட்டையும் சேர்த்துதானே மாமா?" டாக்டரம்மாவுக்கு அந்த இடத்திலும் வாய் அடங்கவில்லை.

"முட்டை சேர்ந்தாலும் ஆகாது. குறட்டை, ஒத்துக்கறேன். சம்சாரமும் சொல்லியிருக்கா. குளியலறை, ஒத்துக்கறேன். 'எல்லாவற்றிலும் குறை காண்கிறது' அப்படிங்கறது ஒருத்தரோட கருத்து, சாட்சியம் இல்ல. அதை நீக்கணும். செவித்திறனைப் பத்தி எழுதினது ரொம்பச் சரி, அது இருக்கட்டும்."

ஓரத்து உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது உங்களைப் பத்தினதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"நகல் வந்த அன்னைக்கே. பூனைக்குக் குளியலறையில முக்கால் மணி நேரம் என்ன வேலைன்னு யோசிச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டே இயந்திரத்து மேல பழி போட்டு மனு எழுதினீங்களா?"

அண்ணன் காலரை மறுபடி சரிசெய்தார். முதல் தடவையாக அவருக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது.

"எழுதினேன். பொய்னு தெரிஞ்சே எழுதினேன், அது என் தப்பு. உண்மை வெளிய வந்துட்டா நான் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பணும் இல்லீங்களா? என் வீட்டுல கடிகாரம் ஓடற சத்தம் கேக்கும். வேற சத்தம் கிடையாது. இங்கே நாய் குரைச்சா தட்டு ஆடுது, உப்பு கம்மின்னு சொன்னா ஒருத்தி சண்டைக்கு வரா. அதை விட்டுப் போக மனசில்லாம, ஒரு பாவப்பட்ட இயந்திரத்து மேல போட்டுட்டேன். அதுதான் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தது. நான்தான் மாத்தி எழுதினேன்."

டாக்டரம்மா அண்ணனைப் பார்க்காமல், பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

தலைவரும் உறுப்பினர்களும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு தலைவர் சொன்னார். பதிவை நிறுத்தவில்லை. கடுமையான எச்சரிக்கை, ஆறு மாதக் கண்காணிப்பு. ஒவ்வொரு குறிப்பையும் மருத்துவர் தானே உட்கார்ந்து, தன் கண்ணால் படித்து, தன் விரலால் தட்ட வேண்டும். அறைக்குள் கேட்கும் இயந்திரம் இருக்கிறது என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்து, உரிமையாளர் சம்மதித்தால்தான் அதை ஓட விட வேண்டும். இதுவரை அனுப்பிய குறிப்புகள் அத்தனையையும் டாக்டரம்மா முதலிலிருந்து படித்து, தப்பு இருந்தால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தையல்காரம்மா பேசியதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும்.

"உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம்" என்றார் தையல்காரம்மா. மூக்கைச் சிந்திக்கொண்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இவருக்கு எழுதினதைப் படிச்சுட்டுத்தான் நான் இவனுக்காக அழுதேனா?"

"ரெண்டு நாள் மீனும் வாங்கிப் போட்டீங்க. எனக்கு வர வேண்டியது" என்றார் அண்ணன்.

தலைவர் கோப்பை மூடப் போனவர் நிறுத்தினார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு. இந்தக் குறிப்பைத் திருத்தணும். காதைப் பத்தினது பூனைக்குப் போகுது. கீழ ஒரு பரிந்துரை நிக்குது. ஒரு வாரம் பார்க்கலாம், போகாவிட்டால் அனுப்பிவிடலாம்னு. அதைச் சொன்னது நீங்கதான்னு ஒத்துக்கிட்டீங்க. அது இன்னும் நிக்குதா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா அப்போதுதான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நீதிபதிக்கு முன்னால் நிற்பவர் போல, கையைக் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"இல்லைங்க, எடுத்துடுங்க" என்றார் டாக்டரம்மா. "மாமா எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். அது அவர் வீடுதான்."

அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்தார், துடைத்த கண்ணால் ஓரத்து மேசையைப் பார்த்தார். அங்கே இளைய குமாஸ்தா எல்லாம் முடிந்தது என்று பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, மூடாதீங்க. டாக்டரம்மா கடைசியாச் சொன்னதை ஒரு வார்த்தை விடாம குறிப்புல ஏத்துங்க. எனக்கு ஒரு நகல் வேணும்."